வியாபாரம், பணம், இறைநம்பிக்கை: கிழக்கிலிருந்து ஒரு புத்தகம் போடுவதென்றால்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உழைப்பையும் காசையும் இறைவனையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுத நினைப்பவர்கள் குறைவில்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், காத்தான்குடியிலோ கல்முனையிலோ முப்பது வருடம் கடை நடத்தியவர், மௌலவி, போதகர், கோயில் பரிபாலன சபையில் கணக்குப் பார்ப்பவர் என்று பலரிடமும் சொல்ல விடயம் இருக்கிறது. அவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில்: யாருக்கு எழுதுவது, எப்படி அச்சிடுவது. முதலாவதை மனம்போன போக்கில் விட்டுவிட்டு, இரண்டாவதை அச்சகக்காரரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் முதற்கேள்விக்குச் சொல்லும் பதில்தான் இரண்டாவதையும் தீர்மானிக்கிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 100 அல்லது 150 பிரதிகளை டிஜிட்டல் முறையில் அடித்து, ஆறு மாதம் வாசகர் கையில் விட்டு, திருத்தி, அதன்பிறகே ஓப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் அச்சு) 500 அடியுங்கள். இரண்டுக்கும் கையிலுள்ள காசையே போடுங்கள். கடன் வாங்க வேண்டாம். மற்ற வழிகள் யாருக்குப் பொருந்தும், எங்கே காலை வாரும் என்பதையும் கீழே சொல்கிறோம்.

ஒரு சமயத்தாருக்கா, எல்லோருக்குமா?

ஒரு சமயத்தாருக்கு மட்டும் எழுதினால் ஆழமாகப் போகலாம். ‘ஸகாத்’ (முஸ்லிம்களின் கட்டாயக் கொடை) என்ற சொல்லுக்குச் சம்மாந்துறை வாசகருக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. ‘தசமபாகம்’ (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) என்றால் கல்லடியில் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்துக்கு உடனே விளங்கும். குடிவாரியாக, அதாவது குலங்களுக்குள் பங்கிட்டு, திருவிழாச் செலவைப் பொறுப்பது எப்படி என்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவருக்கு விளக்கத் தொடங்கினால் அவர்தான் உங்களுக்கு விளக்குவார். எல்லோருக்குமாக எழுதினால் வாசகர் கூடுவார்கள், ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாரோ ஒருவருக்கு அந்நியமான சொல் வந்து நிற்கும்.

உண்மையான சிக்கல் சொல்லில் இல்லை, வட்டியில் இருக்கிறது. வியாபாரத்தை அல்லாஹ் அனுமதித்து வட்டியைத் தடுத்திருக்கிறான் என்பது குர்ஆன் 2:275. ஆகவே முஸ்லிம் வாசகருக்கு ‘குறைந்த வட்டிக்குக் கடன் எடுப்பது எப்படி’ என்ற அத்தியாயமே கிடையாது. இந்து வாசகருக்கு அப்படியொரு முழுத் தடை இல்லை. பொருள் எந்த வழியில் வந்தது என்பதே அங்கே பெரிய கேள்வி. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு தன் சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் இன்றைய சபைகள் பெரும்பாலும் வங்கி வட்டியை ஏற்றுக்கொண்டு, ஏழையைப் பிழிகிற வட்டியையே கண்டிக்கின்றன. இந்த மூன்றையும் கலந்து ‘எல்லா மதமும் நியாயமான வட்டியை ஏற்கிறது’ என்று ஒரு வரி எழுதினீர்களென்றால், புத்தகம் அந்த வரியோடு ஒரு சமூகத்தின் கையிலிருந்து விழுந்துவிடும். விழுவதும் நியாயமே. பொதுப் புத்தகம் எழுதுகிறவர் வட்டி அத்தியாயத்தில் மூன்று நிலைப்பாட்டையும் தனித்தனியாக, அவரவர் சொல்லிலேயே சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அந்தந்தப் பகுதியை அந்தந்தத் துறை அறிந்த ஒருவர் படித்திருக்கவும் வேண்டும்.

முஸ்லிம் வாசகருக்கென்றே எழுதுகிறவரும் இங்கே கவனம். ‘வட்டிக்குப் பதில் இலாபம்’ என்று பெயரை மாற்றுவதால் எதுவும் மாறாது. மருதமுனை நெசவாளர் ஒருவர் நூல் வாங்கக் காசு கேட்கிறார் என்று வைப்போம். முராபஹா என்ற வட்டியில்லா விற்பனை முறையில் நிதி நிறுவனம் முதலில் அந்த நூலைத் தானே விலைக்கு வாங்கித் தன் உடைமையாக்க வேண்டும். நனைந்தாலும் எரிந்தாலும் நட்டம் நிறுவனத்துடையது. பிறகு, வாங்கிய விலையையும் வைத்த இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு நெசவாளருக்கு விற்கிறது. உடைமையும் ஆபத்தும் ஒரு நாளாவது நிறுவனத்தின் கையில் இருந்ததா என்பதே கேள்வி. காசைக் கையில் கொடுத்து ‘நீரே போய் வாங்கும்’ என்று விட்டுவிட்டுப் பத்திரத்தில் முராபஹா என்று எழுதினால் அது பெயர் மட்டுந்தான். இந்தப் படிமுறையை வரைந்து காட்டாத புத்தகம் வாசகரைக் குழப்பத்திலேயே விட்டுவிடும்.

மூன்று மரபும் உண்மையிலேயே ஒன்றாக நிற்கும் இடங்களும் உண்டு. அளவையும் நிறுவையும் அவற்றில் முதலாவது. அளவில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு ஸூராவே (அத்தியாயமே) இருக்கிறது, 83ஆவது. கள்ளத்தராசு பற்றி பைபிளின் நீதிமொழிகள் 11:1 பேசுகிறது. குறள் 120, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறது. அந்தக் குறள் பொருட்பாலில் இல்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக இருக்கிறது. வியாபாரத்தை வள்ளுவர் எந்தக் கணக்கில் வைத்தார் என்பதற்கு அந்த இடமே சாட்சி. தராசு, கடனை எழுதிவைப்பது (குர்ஆன் 2:282 முழுவதும் இதுதான்), கொடுப்பது, பங்காளியோடு பிரிவது ஆகிய நான்கையும் வைத்தே 160 பக்கப் பொதுப் புத்தகம் ஒன்றை நேர்மையாக எழுதிவிடலாம்.

சீட்டையும் மறக்கக் கூடாது. மூன்று சமூகமும் போடுகிற ஒன்று அது. பத்துப் பேர், ஆளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 1,00,000. குலுக்கல் சீட்டில் ஒவ்வொருவரும் முழுத் தொகையையும் எடுப்பார்கள், முன்பின் மட்டுமே வித்தியாசம். ஏலச்சீட்டில் அவசரக்காரர் 85,000க்குக் கேட்டு எடுப்பார், 15,000 கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். அந்தக் கழிவு என்ன? வட்டியா, பொறுத்திருந்ததற்கான பங்கா? வாசகர் இதைத் தன் வீட்டுக் கணக்காகவே படிப்பார். இந்த ஒரு பக்கம் நன்றாக அமைந்தால் புத்தகத்தின் மீதியையும் அவர் நம்புவார்.

மேற்கோள் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பைபிளில் கத்தோலிக்கர் ‘இணைச் சட்டம்’ என்னும் நூலை மற்றச் சபையார் ‘உபாகமம்’ என்பார்கள். ‘சபை உரையாளர்’ அங்கே ‘பிரசங்கி’. எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று முன்பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். குறள் யாருக்கும் சொந்தமில்லை, உரை அப்படியல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை நிற்கும். மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். நேர்மையைப் பற்றிய புத்தகத்தில் அனுமதி இல்லாமல் பக்கம் பக்கமாக எடுத்துப் போடுவது பெரிய குறை.

எங்கள் தீர்ப்பு இதுதான். சமயக் கல்வி முறையாகப் பெற்றவர் தன் சமயத்தாருக்கே எழுதட்டும். வியாபாரத்திலும் வங்கியிலும் இருந்து வந்தவர் பொதுப் புத்தகம் எழுதட்டும், ஆனால் தீர்ப்புச் சொல்லும் இடங்களைக் குறைத்துக்கொள்ளட்டும்.

சீக்கிரம் பழசாகும் பக்கங்கள்

இந்த வகைப் புத்தகத்துக்குள் இரண்டு வேகத்தில் வயதாகிற விடயங்கள் இருக்கின்றன. தராசைப் பற்றிய அத்தியாயம் நூறு வருடம் நிற்கும். வரியைப் பற்றிய அத்தியாயம் ஒரு வருடமும் நிற்காது. 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் (பெறுமதி சேர்) வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. 2024 நவம்பரில் முறையையே மாற்றி ஒற்றை வட்டிவீதத்தை 8 வீதமாக அறிவித்தது. அந்தக் காலத்தில் வீதங்களை அத்தியாயத்துக்குள் பதித்து 1,000 பிரதி அடித்தவரின் புத்தகம், கட்டுப் பிரிக்கும் முன்பே பழசாகியிருக்கும்.

இதற்கு இரண்டு பரிகாரம். மாறுகிற எண்ணை மாறாத அளவாக எழுதுங்கள். ஸகாத்துக்கான நிஸாபை (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) ரூபாயில் எழுதாமல் 85 கிராம் தங்கம் என்று எழுதி, அன்றைய விலையால் பெருக்கி எல்லையைக் கண்டு, செல்வம் அதை எட்டினால் அந்தச் செல்வத்தில் 2.5 வீதம் காணும் முறையைக் காட்டினால் அந்தப் பக்கம் பழசாகாது. கட்டாயம் ரூபாயிலோ வீதத்திலோ சொல்ல வேண்டியவற்றை எல்லா அத்தியாயத்திலும் தூவாமல் கடைசி 8 பக்கத்தில் திகதியோடு சேர்த்துவையுங்கள். அடுத்த பதிப்பில் அந்த 8 பக்கத்தை மாற்றினால் போதும். அச்சு முறையைத் தெரிவு செய்யும்போதும் இதையே கேளுங்கள்: என் புத்தகத்தில் எத்தனை பக்கம் இரண்டு வருடத்தில் பொய்யாகும்? கால்வாசிக்கு மேல் என்றால் ஓப்செட்டில் பெரிய தொகை அடிக்கவே வேண்டாம்.

நான்கு வழிகள்

முதலில் ஊர் ஓப்செட். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அச்சகங்கள் இருக்கின்றன. நேரே போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று முதல் தாளைப் பார்க்கலாம், பிழை கண்டால் அங்கேயே நிறுத்தலாம். தூரத்து அச்சகம் தராத வசதி இது. ஆனால் ஓப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செய்வதற்கும் இயந்திரம் பூட்டுவதற்கும் ஆகும் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் அச்சகக்காரர் “இன்னும் ஐந்நூறு போட்டால் கொப்பிக்கு விலை குறையும்” என்பார். அவர் சொல்வது உண்மை. உங்களுக்கு இலாபமா என்பது வேறு கணக்கு.

இரண்டாவது, கொழும்பு டிஜிட்டல் அச்சு. பிளேட் இல்லை. 50 பிரதியும் அடிக்கலாம், திருத்தி மறுபடி 50 அடிக்கலாம். ஒரு பிரதியின் விலை கூட. பசை பைண்டிங்தான் வழக்கம், நூல் தைத்த கட்டு பெரும்பாலும் கிடைக்காது.

இந்த இரண்டையும் எண்ணில் வைத்துப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்கைக் காட்ட நாங்கள் எடுத்த உதாரணம். நீங்கள் வாங்கும் கொட்டேஷனிலுள்ள எண்ணை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். ஓப்செட்டில் நிலையான செலவு 90,000, அதன்மேல் பிரதிக்கு 250. டிஜிட்டலில் நிலையான செலவு இல்லை, பிரதிக்கு 550. இரண்டும் சமமாகும் இடம் 90,000ஐ 300ஆல் பிரித்தால் வரும், 300 பிரதி. அதற்குக் கீழே டிஜிட்டல் மலிவு, மேலே ஓப்செட் மலிவு. அநேகர் இதோடு நிறுத்திவிட்டு ஓப்செட்டுக்குப் போய்விடுகிறார்கள். கேட்க வேண்டியது எத்தனை அடிப்பேன் என்பதல்ல, எத்தனை விற்கும் என்பது. விலை 900 என்று வைத்து, கையால் 180 பிரதி விற்றதாக எடுங்கள். ஓப்செட்டில் 500 அடித்தவருக்குச் செலவு 2,15,000, வரவு 1,62,000, குறை 53,000, வீட்டில் 320 பிரதி. டிஜிட்டலில் 180 அடித்தவருக்குச் செலவு 99,000, அதே வரவு, மிச்சம் 63,000, வீட்டில் ஒன்றும் இல்லை. ஓப்செட்காரர் முதலை எடுக்கவே 239 பிரதி விற்க வேண்டும்.

புத்தகக் கடையில் வைத்தால் கழிவு நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று கேட்பார்கள். 35 வீதம் போனால் 900 ரூபாயில் உங்கள் கைக்கு 585. டிஜிட்டலில் அப்போது பிரதிக்கு மிஞ்சுவது 35 ரூபாய்தான். ஆகவே டிஜிட்டலில் அடிக்கும் முதல் 150 பிரதியைக் கடைக்குக் கொடுக்காமல் நேரே விற்பதே சரி. கடைக்கு ஓப்செட் பதிப்பு வந்த பிறகு போகலாம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14:28 கேட்கிறது. கடனைப் பற்றி எழுதுகிறவர் நகையை அடகு வைத்து அச்சிடுவதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்றாவது, சென்னைப் பதிப்பகம். பெரிய வாசகர் பரப்பு, நல்ல அட்டை, புத்தகக் கண்காட்சியில் ஓர் இடம். கதை, கவிதைக்கு இது நல்ல வழி. ஆனால் பணத்தைப் பற்றிய கிழக்கிலங்கைப் புத்தகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. உங்கள் ‘வீதம்’ அங்கே ‘சதவீதம்’ ஆகும், வற் வரி இருந்த இடத்தில் ஜிஎஸ்டி (இந்தியாவின் சரக்கு, சேவை வரி) வேண்டும் என்பார்கள், ரூபாய் என்றால் எந்த நாட்டு ரூபாய் என்ற கேள்வி ஒவ்வொரு உதாரணத்திலும் வரும். பெரும்போக (மாரிக்கால நெல்) அறுவடையோடு கடன் தீர்க்கும் வயல்காரரின் கணக்கு அங்குள்ள வாசகருக்கு வேறு மாதிரி. போகத்தான் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் பாருங்கள்: இலங்கையில் விற்கும் உரிமை யாருக்கு, உரிமம் எத்தனை வருடம், உங்கள் பிரதிகளை இங்கே கொண்டுவரும் செலவு யாருடையது.

நான்காவது, மின்னூல். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம். அதே தளத்தின் அச்சுப் புத்தகச் சேவையைத் தமிழுக்கு நம்பியிருக்க வேண்டாம். இலங்கைக்கென்று அமேசான் கடை இல்லை. ஆகவே செங்கலடி வாசகர் டொலரில் கார்ட் போட்டு வாங்குவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவருக்கு அது சரியான வழி. பணம் உங்கள் வங்கிக்கு எப்படி வந்து சேரும், வரிப் படிவம் என்ன என்பதைப் புத்தகத்தை ஏற்றும் முன் பார்த்துவிடுங்கள். வெறும் பிடிஎஃப் ஆக விற்றால் ஒரு நாளில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். அதை மனதார விட்டுவிட முடிந்தவர் மட்டும் அப்படிச் செய்யலாம்.

எழுத்துரு: பணப் புத்தகத்துக்கென்றே உள்ள ஆபத்து

நீங்கள் யூனிகோடில் தட்டிக் கொடுத்தாலும் பல அச்சகங்களில் பக்கம் அமைப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான். பாமினியில் வீதக் குறி இருக்கும் விசையில் ‘மூ’ இருக்கிறது, டொலர்க் குறியில் ‘கூ’ இருக்கிறது. மாற்றும்போது குறியைத் தனியாகக் கவனிக்காவிட்டால் ‘12 வீதம்’ என்பதற்கு நீங்கள் போட்ட குறி ‘12மூ’ என்று அச்சாகும். கதைப் புத்தகத்தில் இது ஓரிடத்தில் வரும். பணப் புத்தகத்தில் நூறு இடத்தில் வரும். குறியே போடாமல் ‘12 வீதம்’ என்று எழுத்தில் எழுதிவிடுவது மிகச் சுலபமான காப்பு.

அரபு வசனங்கள் அதைவிடப் பெரிய ஆபத்து. பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், சில வேளை இடமிருந்து வலமாகவும் விழும். வசனத்தைத் தெளிவான படமாகச் செய்து ஒட்டுவித்து, கடைசிப் புரூபைக் குர்ஆனை மனனம் செய்த ஒரு ஹாபிழிடம் காட்டுங்கள். இன்டிசைன் மென்பொருளில் அமைக்கிறார்கள் என்றால், தமிழுக்கு ‘வேர்ல்ட் ரெடி கொம்போசர்’ தெரிவு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’ உடைந்து கொம்பு பின்னால் போகும். புரூபைத் தாளில் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தமிழுக்கு. மற்றவர் எழுத்தைப் படிக்காமல் எண்களை மட்டும் கல்குலேட்டரோடு சரிபார்க்க.

அச்சுக்குப் பக்கங்கள் 16 கொண்ட போர்ம்களாகப் போகும். 160 பக்கம் சரியாகப் பத்துப் போர்ம். 164 பக்கம் என்றால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாக ஒரு கொட்டேஷன் வரும். நாலு பக்கத்தை வெட்டுங்கள். ஏ5 அளவில் 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 190 தமிழ்ச் சொல். முன்பக்கங்கள் போக 28,000 சொல்லுக்குள் எழுதினால் 160இல் நிற்கும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம் எடை) தாளில் முதுகு சுமார் 8 மில்லிமீற்றர். முதுகில் தலைப்பு எழுத அது போதும்.

மாரி காலத்தை நினைத்து அட்டையைத் தெரிவுசெய்யுங்கள். வெளிப்பக்கம் மட்டும் லமினேஷன் போட்ட மெல்லிய மட்டை, உள்பக்கத்தால் ஈரம் குடித்து, கார்த்திகை மார்கழியில் ஓலைபோல் வெளியே சுருளும். 300 ஜிஎஸ்எம் மட்டை அதைக் குறைக்கும். மாதிரிப் பிரதி வந்ததும் நடுப்பக்கத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிப் பாருங்கள். தாள் கழன்றால், பெரும்பாலும் பசை போடும் முன் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கவில்லை என்று அர்த்தம். பணம் முழுவதும் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது.

ஐஎஸ்பிஎன் எண் (சர்வதேச நூல் எண்) கொழும்பு 7இலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் கிடைக்கும். இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அட்டை அச்சுக்குப் போகும் முன் எண் கையில் இருக்க வேண்டும். பிந்தினால் பட்டைக்குறியை ஸ்டிக்கராக ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது வெளியிடுவது

நம்மூர் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசித்து அழைப்பார்கள். வருகிறவர் கடிதவுறையில் விலைக்கு மேலேயே வைப்பார். அன்றைக்கு 80, 100 பிரதி போகும். அந்தத் தொகையை விற்பனை என்று நம்பி 1,000 அடித்துவிடாதீர்கள். அது உங்கள்மேல் உள்ள மரியாதை. விழா முடிந்து மூன்றாம் மாதம், உங்களைத் தெரியாத ஒருவர் காசு கொடுத்துக் கேட்கிறாரா என்பதே கணக்கு.

ஸகாத் பற்றிய பகுதி முக்கியமென்றால் றமழானுக்கு ஒரு மாதம் முன்பு புத்தகம் கையில் இருக்க வேண்டும். வயல்காரர் வாசகர் என்றால் பெரும்போக அறுவடைக்குப் பிறகு, மாசி பங்குனியில் வெளியிடுங்கள். கையில் காசும் மனதில் கணக்கும் இருக்கும் காலம் அது. ஐப்பசி முதல் தை வரை வேண்டாம். வெள்ளம் வந்தால் மண்டபம் மட்டுமல்ல, கட்டுப் பிரிக்காத புத்தகமும் போய்விடும். மிச்சப் பிரதிகளை நிலத்தில் அடுக்காமல் மரப்பலகையில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு கைநீளம் தள்ளி, பத்துப் பத்தாகப் பொலித்தீனில் சுற்றிவையுங்கள். கறையான் சுவர் வழியாகவும் வரும்.

முதல் 150 பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள் விட்டு, ‘பிழை கண்டால் எழுதி அனுப்புங்கள்’ என்று தொலைபேசி இலக்கம் போடுங்கள். வட்டி அத்தியாயத்தைப் பற்றி எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். ஓப்செட் பதிப்பில் எந்த அத்தியாயத்தை நீட்டுவது, எதைக் குறைப்பது என்பது அந்தக் குறிப்பிலிருந்து தெரியும். இரண்டாம் பதிப்பும் தீர்ந்து, மறுபடி அடிக்கும் எண்ணம் இல்லையென்றால், 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுத்து ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள்.